குளிர் விட்ட பிறகு

மோனிஷா பிறந்து ஏழாவது மாதத்தில் சுமித்ராவுக்குக் குளிரத் தொடங்கியது.

ஐப்பசியில் கொல்லிமலையில் ஒருத்தி குளிர்கிறது என்று சொன்னால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள்; ஆலத்தூர் நாட்டில் அவள் வாழ்க்கைப்பட்ட ஊரில் எல்லோருக்கும்தான் குளிர் அடித்தது. மற்றவர்கள் அடுப்பருகே கொஞ்ச நேரம் உட்கார்ந்து கையைச் சூடாக்கிக்கொண்டு காட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். சுமித்ரா உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான்.

அதற்கு முன் அவள் ஓரிடத்தில் சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. தேவனூர் நாட்டுப் பெண். பன்னிரண்டாவது வரை படித்தவள். செம்மேட்டுக்குப் போகிற பஸ்ஸில்தான் சதீஷ்குமார் அவளை முதன்முதலில் கவனித்தான். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, வழியில் நிற்கிறவர்கள், நடக்கிறவர்கள் எல்லோரிடமும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டே வந்தாள். "அந்த வாய்க்காகத்தான் உன்னயக் கட்டினேன்" என்று கல்யாணத்துக்குப் பிறகு அடிக்கடி சொல்லுவான். அவனிடம் ஒரு பிக்கப் வேன் இருந்தது. அன்னாசியும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு வாரத்தில் நாலு நாள் சேந்தமங்கலம் இறங்குவான். மோனிஷா வயிற்றில் ஐந்து மாதம் ஆகும்வரை அவளும் கூடவே போனாள். மலைப்பாதையின் எழுபது வளைவும் இறங்கி ஏறுகிற வரைக்கும் அவள் பேச்சு ஓயாது.

குளிர் வந்த பிறகு பேச்சு குறைந்தது. பிறகு பால் வற்றியது. தலைமுடி கொத்துக் கொத்தாகச் சீப்போடு வந்தது. பிள்ளை அழுதால் அந்தச் சத்தம் அடுத்த ஊரிலிருந்து வருவதுபோல அவளுக்குக் கேட்டது. எழுந்து போக வேண்டும் என்று நினைப்பாள். அந்த நினைப்பு கைகாலுக்குப் போய்ச் சேர வெகுநேரம் ஆகும். முகம் ஊதியது. "நல்லாத் தின்னுட்டு நல்லாத் தூங்கறா" என்றாள் மாமியார். உண்மையில் அவள் சரியாகச் சாப்பிடவே இல்லை.

தை மாதம் ஒரு காலையில் மாமியார் மிளகு பறிக்கப் போயிருந்தாள். சதீஷ்குமார் வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். அடுப்பிலிருந்து வெளியே இழுத்துப் போட்டிருந்த தணலைப் பார்த்துப் பிள்ளை தவழ்ந்து போனது. சுமித்ரா மூன்றடி தள்ளி உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை சுட்டுக்கொள்ளப் போகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. கையை நீட்டிப் பிடிக்க வேண்டும் என்றும் தெரிந்தது. மோனிஷா வலது கையைத் தணலில் ஊன்றி வீறிட்டபோதும் அவள் அப்படியேதான் உட்கார்ந்திருந்தாள். சதீஷ்குமார் ஈரக் கையோடு ஓடிவந்து பிள்ளையைத் தூக்கினான்.

"பாத்துக்கிட்டே உக்காந்திருக்கறயே! நீயெல்லாம் ஒரு தாயா?"

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை. அதுதான் அவனை மிகவும் பயமுறுத்தியது.

ஓடைப் பக்கம் தனியாகப் போனபோது எதுவோ பிடித்துக்கொண்டது என்று ஊரில் பேசினார்கள். பூசாரி கயிறு கட்டினார். வேப்பிலை அடித்தார். ஒன்றும் கேட்கவில்லை. சதீஷ்குமார் அவளைச் சேலத்துக்கு ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனான். அவர் நாலு கேள்வி கேட்டார். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல அவள் எடுத்துக்கொண்ட நேரத்தைப் பார்த்துவிட்டு மாத்திரை எழுதினார். அதைச் சாப்பிட்டு இன்னும் அதிகமாகத் தூங்கினாள். ரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்று பூசாரிக்குத் தோன்றாததில் ஆச்சரியமில்லை, மருத்துவருக்கும் தோன்றவில்லை. மனசுக்கு வந்த நோய் என்று எல்லோரும் முடிவு செய்துவிட்ட பிறகு அவள் உடம்பை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பிள்ளைக்கு இரண்டு வயது நடக்கும்போது ஊருக்குத் தலைவரான ஊர்க் கவுண்டர் முன்னால், சுமித்ராவைத் தீர்த்துவிடுவது பற்றிப் பேச்சு நடந்தது. சுமித்ரா பக்கம் பேச அண்ணன் சென்றாயன் ஒருவன்தான் வந்திருந்தான். அப்பாவும் அம்மாவும் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சதீஷ்குமார் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவன் அம்மா எல்லாவற்றையும் சொன்னாள், பிள்ளையின் கையைத் தூக்கிக் காட்டினாள்.

சென்றாயன் அந்தக் கையைப் பார்த்தான். தழும்பு உள்ளங்கை முழுக்கப் படர்ந்திருந்தது.

"என் தங்கச்சிய நான் கூட்டிட்டுப் போறேனுங்க" என்றான். "புள்ள அப்பங்கிட்டயே இருக்கட்டும். இவளால பாத்துக்க முடியாதுங்க."

சதீஷ்குமார்தான் இருவரையும் தன் வேனில் கொண்டுபோய் விட்டான். செம்மேட்டில் நிறுத்தி, கடைக்குள் போய், ஒரு கம்பளி ஸ்வெட்டர் வாங்கிவந்து அவள் மடியில் வைத்தான். பிறகு வண்டியைக் கிளப்பிவிட்டான்.

தேவனூர் நாட்டில் அண்ணன் வீட்டில் ஆறு வருடம் போனது. இரண்டு அறை, முன்னால் கொஞ்சம் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி, பின்னால் சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடி. சென்றாயன் விடியுமுன் எழுந்து களி கிண்டி, தங்கைக்கு ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்து, பிறகு காட்டுக்குப் போவான். பக்கத்து வீட்டுச் சென்னம்மாள் வாரம் ஒருமுறை வந்து அவளைக் குளிப்பாட்டிவிட்டுப் போவாள். சுமித்ராவின் குரல் ஆம்பிளைக் குரல்போல ஆகிவிட்டது. புருவம் பாதி உதிர்ந்தது. தோல் காய்ந்து செதில் செதிலாக உரிந்தது. நாலு பேர் சுற்றி உட்கார்ந்து பேசினால் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். சேலத்து மாத்திரையை இரண்டு வருடத்தில் அண்ணன் நிறுத்திவிட்டான். அதனால் ஒன்றும் குறையவும் இல்லை, கூடவும் இல்லை.

சென்றாயனுக்கு இரண்டு இடத்தில் பெண் பேசினார்கள். இரண்டு பெண் வீட்டாரும் வீட்டைப் பார்க்க வந்தார்கள். அடுப்பருகே உட்கார்ந்திருந்த சுமித்ராவைப் பார்த்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள். மூன்றாவது இடம் யாரும் பேசவில்லை.

போன வருடம் ஆடி மாதம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிற முகாம் போட்டார்கள். நர்ஸ் ரெஜினா அப்போதுதான் லால்குடிப் பக்கமிருந்து மாற்றலாகி மலைக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வரிசையில் வராதவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்தாள். சென்றாயன் வாசலிலேயே அவளை மறித்தான்.

"உள்ள என் தங்கச்சி இருக்காளுங்க. அவளுக்கு மனசு சரியில்லீங்க. அவள எதுக்குங்க தொந்தரவு பண்ணிக்கிட்டு?"

"மனசு சரியில்லன்னா பிரஷர் பாக்கக் கூடாதா அண்ணே?" என்று சொல்லிக்கொண்டே ரெஜினா உள்ளே போனாள்.

கையில் பட்டையைக் கட்டப் போனவள் அந்தக் கை சில்லென்று இருப்பதைக் கவனித்தாள். ஆடி வெயில் நேரம். சுமித்ரா ஸ்வெட்டர் போட்டு, அதன்மேல் போர்வையும் போர்த்தியிருந்தாள். நாடியைப் பிடித்து எண்ணினாள். நிமிடத்துக்கு நாற்பத்தெட்டு. மறுபடி எண்ணினாள். அதே நாற்பத்தெட்டு.

"உன் பேரு என்னம்மா?"

பதில் வர நேரம் ஆனது. "சுமித்ரா."

அந்தக் குரலைக் கேட்டு ரெஜினா நிமிர்ந்தாள். அவளுடைய பெரியம்மாவுக்கும், நோய் இன்னதென்று தெரிவதற்கு முன், இதே கட்டைக் குரல்தான் இருந்தது.

"அண்ணே, எப்பலேர்ந்து இவங்களுக்கு இப்படிக் குளிருது?"

சென்றாயன் யோசித்தான். பூசாரியோ சேலத்து மருத்துவரோ ஊர்க் கவுண்டரோ இத்தனை வருடத்தில் அவனிடம் கேட்காத கேள்வி. "புள்ள பொறந்து ஏழாவது மாசத்துல இருந்துங்க" என்றான். "அதுதாங்க மொதல்ல வந்துது. மத்ததெல்லாம் பொறவுதாங்க."

ரத்தம் நாமக்கல்லுக்குப் போனது. நாலாவது நாள் ரெஜினாவே தன் ஸ்கூட்டியில் வந்தாள். தைராய்டு. கழுத்துக்குள் இருக்கிற ஒரு சின்னச் சுரப்பி. பிரசவத்துக்குப் பிறகு சில பேருக்கு அது வேலையை நிறுத்திவிடும். அதில் ஊறுகிற சத்து ரத்தத்தில் இல்லையென்றால் உடம்பு முழுக்க மந்தமாகிவிடும், மூளை உட்பட. இத்தனை மோசமான அளவைத் தான் பார்த்ததே இல்லை என்று செம்மேட்டு ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னதாகச் சொன்னாள். மாத்திரை அட்டையைச் சென்றாயன் கையில் கொடுத்தாள்.

"காலையில வெறும் வயித்துல ஒண்ணு. ஒரு மணி நேரத்துக்கு டீகூட கொடுக்காதீங்க. இதயம் தாங்கணும்ல, அதனால கொஞ்சங்கொஞ்சமாத்தான் கூட்டுவாங்க. வாழ்நாள் முழுக்கச் சாப்பிடணும்."

சென்றாயன் மாத்திரையைத் தூக்கிப் பார்த்தான். மிளகை விடச் சின்னதாக இருந்தது.

மூன்றாவது வாரம் சுமித்ராவுக்கு வியர்த்தது. போர்வையைத் தானே எடுத்து ஓரமாக வைத்தாள். அடுத்த மாதம் தானே கிணற்றடிக்குப் போய்க் குளித்தாள். முகத்தின் வீக்கம் இறங்க இறங்க, பழைய சுமித்ராவின் தாடையும் கன்னமும் மெல்லத் தெரிந்தன. ஒரு நாள் காட்டிலிருந்து வந்த சென்றாயன், வீட்டுக்குள் யாரோ ஒரு பெண் சென்னம்மாளோடு பேசுகிற சத்தம் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டான். தங்கச்சியின் குரல். உள்ளே போகாமல் மிளகுக் கொடிப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தான்.

அவளுக்கு எதுவும் மறந்துபோயிருக்கவில்லை. நடந்ததெல்லாம் நடந்தபோது அவளைத் தொடாமல் போயிருந்தது, அவ்வளவுதான். ஊரையே முடக்கிப்போட்ட அந்தப் பெரிய நோய்க் காலத்தில் தனக்கு இரண்டு முறை ஊசி போட்டார்கள் என்பது ஞாபகம் இருந்தது. எதற்கு என்று அப்போது அவள் கேட்கவில்லை. இப்போதுதான் கேட்டாள். அண்ணன் சொல்லச் சொல்ல வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். இப்படி ஒவ்வொன்றாக விசாரித்து வந்தவள், கார்த்திகை மாதம் ஒரு சாயங்காலம், கிழங்கு உரித்துக்கொண்டிருந்த அண்ணன் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணா, மோனிஷாவுக்கு இப்ப என்ன வயசு?"

சென்றாயன் கத்தியைக் கீழே வைத்தான். இந்தக் கேள்விக்காக அவன் நாலு மாதமாகப் பயந்துகொண்டிருந்தான். "எட்டு முடிஞ்சு ஒம்பது நடக்குது சாமி."

அவள் விரல்விட்டு எண்ணவில்லை. அவள் மனசில் அந்தப் பிள்ளை இன்னும் தவழ்ந்துகொண்டிருந்தது.

"அவரு?"

"கட்டிக்கிட்டாப்பல. மைதிலின்னு பேரு. ஒரு பையன் இருக்கான். உங்கிட்ட அப்பவே சொன்னேனே."

"சொன்ன. அப்பக் கேட்டுச்சு. இப்பத்தான் வலிக்குது." கீழே கிடந்த கிழங்குத் தோலைக் கூட்டி ஓரமாக ஒதுக்கினாள். "ஊர்க் கவுண்டர் முன்னால, புள்ள அப்பங்கிட்டயே இருக்கட்டும்னு சொன்னது நீதானேண்ணா?"

அவன் பாதி உரித்த கிழங்கைக் கையில் எடுத்தான், மறுபடி வைத்தான். அவள் திருப்பிக் கேட்கவில்லை. அவன் வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்பது இப்போது அவளுக்கு நன்றாகவே புரிந்தது. அது புரிந்ததால் வலி குறையவில்லை.

மார்கழியில் அவர்கள் ஆலத்தூர் நாட்டுக்குப் பஸ் ஏறினார்கள். முன்கூட்டியே போனில் சொல்லியிருந்தார்கள். மைதிலி வாசலுக்கு வந்து, "வாங்கக்கா" என்று சுமித்ராவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். ஒல்லியான பெண், பேசும்போது தாழ்ந்த குரல். மாமியார் இரண்டு வருடம் முன்பு இறந்துபோயிருந்தாள். சுமித்ரா உட்காரும்போது அந்த அடுப்பைப் பார்த்தாள். அங்கே இப்போது கேஸ் அடுப்பு இருந்தது.

மோனிஷா பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள். அப்பனின் நெற்றி, மூக்கு மட்டும் சுமித்ராவுடையது. வந்தவள் யாரென்று அவளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள் என்பது, அவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டதில் தெரிந்தது. பிறகு வேகமாக வந்து மைதிலியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"அம்மா, தம்பி எங்கம்மா?" என்று மெல்லக் கேட்டாள்.

"தூங்கறான் கண்ணு. இவங்களுக்குத் தண்ணி கொண்டுவந்து குடு."

பிள்ளை சொம்பைக் கொண்டுவந்து நீட்டியது. வாங்கும்போது சுமித்ரா அந்தக் கையைப் பார்த்துவிட்டாள். வளர்ந்த கையோடு தழும்பும் வளர்ந்திருந்தது. சுண்டு விரல் முழுசாக நீளவில்லை.

"இது... வலிக்குமா கண்ணு?"

"இல்லீங்க. சின்ன வயசுல யாரும் இல்லாதப்ப நானே போய் அடுப்புல கைய வெச்சுக்கிட்டேன். அம்மா சொன்னாங்க." சொல்லிவிட்டு மறுபடி மைதிலியிடம் போய்விட்டாள்.

சுமித்ரா மைதிலியைப் பார்த்தாள். மைதிலி தரையைப் பார்த்தாள். இந்தப் பிள்ளை தன் தாயை வெறுக்கக் கூடாது என்று, முகம் தெரியாத ஒருத்திக்காக இவள் ஒரு பொய் சொல்லி வைத்திருக்கிறாள். அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலவும் இருந்தது, அந்த வீட்டை விட்டு ஓடிவிடலாம் போலவும் இருந்தது.

சதீஷ்குமார் வேனை நிறுத்திவிட்டு வந்தான். படியேறியவன் அவளைப் பார்த்து அப்படியே நின்றான். அவள் எழுந்தாள்.

"ஏனுங்க, நல்லா இருக்கீங்களா?"

அந்தக் குரலைக் கேட்டு அவன் முகம் கோணியது. சென்றாயன் நடந்ததை எல்லாம் சொன்னான்: ரத்தப் பரிசோதனை, தைராய்டு, தினம் ஒரு மாத்திரை. சதீஷ்குமார் கேட்டுக்கொண்டே இருந்தான்.

"அவ்வளவுதானா?" என்றான் கடைசியில். "ஒரு ரத்த டெஸ்ட்டு. ஒரு மாத்திரை. அவ்வளவுதானாங்க மச்சான்?" அவன் வெளியே போய் வேனின் சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். மைதிலி கதவருகே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அந்த வீட்டில் தப்பு செய்தவர் என்று யாரும் இருக்கவில்லை.

திரும்பி வந்த நாலாவது நாள் சுமித்ரா மாத்திரையை நிறுத்தினாள்.

காலையில் அண்ணன் கண்முன்னே வாயில் போட்டுக்கொள்வாள். அவன் அந்தப் பக்கம் போனதும் துப்பி மண்ணில் தேய்த்துவிடுவாள். சாக வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. ராத்திரியும் பகலும் அந்தத் தணல் கண்முன்னே நின்றது. மூன்றடி தூரம். கையை நீட்டியிருக்கலாம். அந்த மந்தத்தில் கிடந்த காலத்தில் அது ஒரு நாளும் அவளைச் சுட்டதில்லை. அந்த மந்தம் மறுபடி வந்தால் போதும் என்றிருந்தது.

மாசி பிறந்தபோது கால்விரல்கள் குளிர்ந்தன. காலையில் எழுந்திருக்க நேரமாயிற்று. மலம் இறுகியது. பேச்சு பழையபடி இழுத்தது. குளிர் ஏற ஏற, தணலின் சூடு கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போனது. சென்றாயனுக்கு அது மிளகு பறிக்கிற மாதம், விடிந்தால் மரத்தில் இருப்பான். பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்த வருத்தம், போகப் போகச் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டான்.

ரெஜினா வழக்கமான ரத்தப் பரிசோதனைக்கு வந்தவள், முடிவு வந்ததும் கோபத்தோடு திரும்பி வந்தாள். "அண்ணே, மாத்திரை ஒழுங்காக் குடுக்கறீங்களா இல்லையா? அளவு மறுபடி எங்கயோ எறங்கியிருக்கு!"

"தெனமும் நாந்தாங்க குடுக்கறேன்!" மரத்திலிருந்து இறங்கிவந்த சென்றாயனுக்கு மூச்சு வாங்கியது.

"அண்ணன் மேல தப்பில்லீங்க நர்சம்மா" என்றாள் சுமித்ரா. ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. "நாந்தான் துப்பறேன். அதச் சாப்பிட்டா எல்லாம் ஞாபகம் வருதுங்க. புள்ள கை வெந்தது... நான் பாத்துக்கிட்டே இருந்தது. சாப்பிடலன்னா தூரமாப் போயிருதுங்க."

ரெஜினா தன் பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள்.

சென்றாயன்தான் பேசினான். ஆறு வருடத்தில் தங்கையிடம் ஒரு நாளும் குரல் உயர்த்தாதவன். அன்றைக்கும் உயர்த்தவில்லை.

"நீ அப்படிக் கெடந்தப்ப உனக்கு வலிக்கல, சாமி. எனக்கு வலிச்சுது. தெனமும் காலையில உம் மூஞ்சியப் பாத்து, இன்னைக்காச்சும் என்னய அண்ணான்னு கூப்புடுவியான்னு நின்னுட்டிருப்பேன். ஒரு பேச்சுத் தொணை இல்ல இந்த ஊட்டுல. நாலு மாசம் நீ பேசின பாரு, அதுல எனக்கு உசுரு வந்துது." அவன் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தான். "மறுபடி நீ அங்க போயிட்டா, என்னால இன்னொருக்கா முடியாது. உன்னயப் பாத்துக்க முடியும். அந்த மூஞ்சியப் பாக்க முடியாது."

சுமித்ரா அண்ணனைப் பார்த்தாள். நாற்பதை நெருங்குகிற மனிதன். காதோரம் முழுக்க நரைத்திருந்தது. அது எப்போது நரைத்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. மந்தத்தின் ஊடாகவும் அது அவளைக் குத்தியது. அவள் இழந்தது ஒரு வீடு என்றால், அவளால் இவனுக்கு ஒரு வீடு அமையவே இல்லை.

"இத்தன நாளும் ஒடம்புல நோய வெச்சுக்கிட்டு மனசுக்கு வைத்தியம் பாத்தாங்க" என்றாள் ரெஜினா. "நான் வந்து ஒடம்ப மட்டும் பாத்துட்டு, முடிஞ்சுதுன்னு போயிட்டேன். நடந்தத நெனச்சு அழறதுக்கு உனக்கு ஒரு ஆள் வேணும்னு எனக்குத் தோணல. என் தப்புதான், சுமித்ரா. வியாழக்கிழமை செம்மேட்டு ஆஸ்பத்திரிக்கு ஒரு அம்மா வருவாங்க. மாத்திரை குடுக்க மாட்டாங்க. உக்காந்து கேப்பாங்க. நான் கூட வாரேன்."

அந்த "வாரேன்" மலையில் வந்து அவள் கற்றுக்கொண்டது.

முதல் இரண்டு வியாழன் சுமித்ரா எதுவும் பேசவில்லை. மாத்திரையை மட்டும் அண்ணன் முன்னால் விழுங்கி, வாயைத் திறந்து காட்டினாள். மூன்றாவது வியாழன், அந்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, தணலைப் பற்றி முதன்முறையாக முழுசாகச் சொன்னாள். அன்றைக்கு அழத் தொடங்கியவள், பஸ்ஸில் வீட்டுக்கு வருகிற வரைக்கும் அழுதாள். பக்கத்தில் இருந்த சென்றாயன் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு, அவளை அழ விட்டான். அதற்குப் பிறகும் அவளுக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. சில நாள் நெஞ்சு படபடக்கும், சில நாள் சாப்பாடு இறங்காது. ஆனால் எழுந்து காட்டுக்குப் போனாள். களை எடுத்தாள். இத்தனை வருடம் கவனிக்காமல் விட்டதில் இதயத்தில் கொஞ்சம் பலவீனம் இருக்கிறது, மேட்டில் சுமை தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்னொரு கல்யாணம் பற்றிச் சென்னம்மாள் ஒரு முறை பேச்செடுத்தாள். சுமித்ரா வேண்டாம் என்று தலையாட்டிவிட்டாள்.

பங்குனியில் சதீஷ்குமார் தனியாக வந்தான். வாசலில் நின்றுகொண்டே சொன்னான்: "நானும் மைதிலியும் பேசினோம். நீ கேட்டா, மறுபடி ஊர்க் கவுண்டர்கிட்டப் பேசலாம். புள்ளைய உங்கூட அனுப்பறதுன்னாலும் எனக்குச் சம்மதந்தான். அவ பெத்தவ, எனக்கென்ன உரிமைன்னு மைதிலியும் சொல்லறா. ஆனா ராத்திரியெல்லாம் அழுதுட்டிருக்கா."

இதைக் கேட்கத்தான் சுமித்ரா மார்கழியிலிருந்து ஆசைப்பட்டிருந்தாள். இப்போது அவன் சொல்லி நிற்கும்போது, மைதிலியின் முதுகுக்குப் பின்னால் நின்ற அந்தப் பிள்ளையின் விரல்கள், அவள் சேலையை எப்படி இறுக்கிப் பிடித்திருந்தன என்பதுதான் நினைவுக்கு வந்தது.

"வேண்டாமுங்க" என்றாள். "அவளுக்கு அம்மா இருக்கா. ரெண்டாவது தடவையும் அவகிட்ட இருந்து அம்மாவப் புடுங்க வேண்டாம்." பிறகு, அவன் திரும்பப் போகும்போது, "லீவுல ரெண்டு நாளைக்கு மட்டும் அனுப்பறீங்களா?" என்று கேட்டாள்.

சித்திரை விடுமுறையில் மோனிஷா வந்தாள். முதல் நாள் சென்றாயன் அவளைப் பலாமரத்தடிக்கும் ஓடைக்கும் கூட்டிப்போய்க் காட்டினான். பிள்ளை அவனிடம் சட்டென்று ஒட்டிக்கொண்டது. சுமித்ராவிடம் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னது, வைத்ததைச் சாப்பிட்டது. தலை பின்னிவிடட்டுமா என்று கேட்டதற்கு, நானே பின்னிக்குவேன் என்றது.

இரண்டாம் நாள் சாயங்காலம் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. சுமித்ரா அருகே போனாள். தோள்கள் குலுங்கின. தொடலாமா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றாள். மூன்றடி தூரம்கூட இல்லை. குனிந்து, அந்தத் தோளில் கையை வைத்தாள்.

"அம்மாகிட்டப் பேசறியா கண்ணு?"

பிள்ளை தலையாட்டியது.

வீட்டில் சிக்னல் கிடைக்காது. மேட்டில் உள்ள பாறைக்குப் போக வேண்டும். இருவரும் நடந்தார்கள். ஏற்றத்தில் சுமித்ராவுக்கு மூச்சு இரைத்தது, இரண்டு இடத்தில் நின்று நின்று ஏறினாள். பாறைமேல் நின்று அவளே எண்ணைப் போட்டாள்.

"மைதிலி, நாந்தான். புள்ள உன்னயத் தேடறா. பேசு." போனைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு, காதில் விழாத தூரத்துக்கு நகர்ந்து நின்றாள். காற்று அவள் பக்கம்தான் அடித்தது. எல்லாம் விழுந்தது.

"அம்மா... ம். சாப்டேன். கேழ்வரகுக் களியும் கீரையும்... தம்பி என்னயத் தேடறானா?... இல்லம்மா, நல்லாத்தான் பாத்துக்கறாங்க. சும்மாதான் அழுகை வந்துது." கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் மைதிலி பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "ம். அந்த அம்மா இங்கதான் நிக்கறாங்க. அவங்களுக்கு மூச்சு வாங்குதும்மா. நான் இல்லாம எறங்கினா வழுக்கிரும். சரி, நான் கூட்டிட்டு எறங்கறேன்."

மறுநாள் காலை சதீஷ்குமார் வேனோடு வந்து பிள்ளையைக் கூட்டிப்போனான். மோனிஷா முன் சீட்டில் ஏறி, "போயிட்டு வாரேனுங்க" என்றாள், இரண்டு பேருக்கும் பொதுவாக.

"அடுத்த லீவுக்கு வருவாளா?" என்று சென்றாயன் கேட்டான்.

"தெரீலண்ணா" என்றாள் சுமித்ரா. வெயில் ஏறுவதற்குள் களை எடுத்துவிட வேண்டும் என்று களைக்கொத்தைத் தேடிக்கொண்டு பின்பக்கம் போனாள்.